பதினாலாவது பட்டன்

ஜூன் 3, செவ்வாய்

இன்றும் கண் ஆஸ்பத்திரியின் புது வெப்சைட். பத்தாவதோடு நின்ற லாரி டிரைவர் நான். பார்வை போய் ஆறு வருஷம். இப்போது பார்வை இல்லாதவர்கள் தாங்களே அப்பாயின்ட்மென்ட் போட முடிகிறதா என்று சோதித்துச் சொல்வதுதான் வேலை. திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் மென்பொருளுக்கு நான் வைத்த பெயர் வாயாடி. வாயாடி இன்று சொன்னது: "பட்டன். பட்டன். பட்டன்." எந்தப் பட்டன், தாயே? கண் ஆஸ்பத்திரிக்கே கண் தெரியாதவன் வருவான் என்று தோன்றவில்லை. எங்கே போய் முட்டிக்கொள்வது?

ஜூன் 5

ஒன்பதாவது முறையாகக் குறைகளை எழுதிக் கொடுத்தேன். "சரி பண்ணிட்டேண்ணே" என்றார் புரோகிராமர். போய்ப் பார்த்தால் எல்லாப் படத்துக்கும் "படம்" என்று பெயர் வைத்திருக்கிறார். பிள்ளைக்குப் "பிள்ளை" என்று பெயர் வைத்த மாதிரி.

ஜூன் 9

மேனேஜர் கூப்பிட்டார். "அண்ணே, பதினாறாம் தேதி திறப்பு. பயன்படுத்தலாம்னு ஒரு வரி எழுதிக் குடுங்க. உங்களை நிரந்தரமாக்குற ஃபைலும் என் மேசையிலதான் இருக்கு." பாசமா, மிரட்டலா?

திரும்ப ஓட்டிப் பார்த்தேன். மூன்றே நிமிஷம், அப்பாயின்ட்மென்ட் கிடைத்துவிட்டது! எழுதிக் கொடுத்தேன். மனைவி நம்பவில்லை. "நிரந்தரமா? உங்களையா?"

ஜூன் 10

மகளிடம் பீற்றிக்கொள்ள லேப்டாப்பைத் திறந்து செய்து காட்டினேன்.

"அப்பா, அது வெறும் பட்டன்னுதானே சொல்லுச்சு? உறுதி செய்யற பட்டன் அதுதான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பதினாலாவது தட்டு. பதினஞ்சாவது ரத்து."

"முதல் தடவை வர்றவங்களுக்கு?"

இரண்டு மாசம் தட்டித் தட்டி விரல் மனப்பாடம் பண்ணிவிட்டது. வெப்சைட் திருந்தவில்லை, நான்தான் பழகிவிட்டேன். அட மடையா! இதற்கா கையெழுத்துப் போட்டாய்?

ஜூன் 11

எழுதிக் கொடுத்ததை மேனேஜரிடமிருந்து திரும்ப வாங்கினேன்.

"முந்தாநாள் முடிஞ்சுது, இன்னிக்கு முடியலையா? விளையாடுறீங்களா?"

"என்னால முடியுது சார். அதான் பிரச்சினையே."

ஃபைல் இழுப்பறைக்குள் போகிற சத்தம் கேட்டது. காது மட்டும் கச்சிதமாக வேலை செய்கிறது — என்ன செய்ய.

ஜூன் 12

கோபமா என்று மனைவியிடம் கேட்டேன். "சாப்பிடுங்க" என்றாள். எல்லாம் அதிலேயே இருந்தது.

ஜூன் 17

திறப்பு நடக்கவில்லை. மேனேஜர் திரையை அணைத்துவிட்டு, ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு அவரே உட்கார்ந்தாராம். நாற்பது நிமிஷம். தன் அப்பாயின்ட்மென்ட்டைத் தானே இரண்டு முறை ரத்து செய்தாராம். புரோகிராமர் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. (கொஞ்சம் சிரித்தேன்.)

ஜூலை 2

நிரந்தரம் இல்லை. இன்னும் மூன்று மாசம் நீட்டித்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

இன்று வெப்சைட்டைச் சோதித்துப் பார்க்க ஓர் அம்மா வந்திருந்தார். ஓய்வு பெற்ற டெலிபோன் ஆபரேட்டர், பிறவியிலேயே பார்வை கிடையாது, இந்த வெப்சைட்டைத் தொட்டதே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து வாயை மூடிக்கொண்டிருப்பது என் வேலை. லாரியை ரிவர்ஸில் மலையேற்றி விடலாம் — இது முடியாது.

மூன்றாவது பக்கத்தில் நின்றுவிட்டார். "இங்க என்னப்பா பண்ணணும்? ஒண்ணும் சொல்ல மாட்டேங்குதே."

எனக்குத் தெரியும். நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"சொல்லாதீங்கண்ணே" என்றார் பின்னாலிருந்து மேனேஜர். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "அம்மா, எந்த இடத்துல நின்னுது? மறுபடி சொல்லுங்க, எழுதிக்கிறேன்."