ரைட் சொல்பவருக்கு ஒரு வார டி.வி.

பிப்ரவரி 10, திங்கள்

காலையில் பனி. ஒன்பதுக்கெல்லாம் வெயில் சுள்ளென்று. போர்வை மதியத்துக்குள் காய்ந்துவிட்டது.

பேச்சுப் பயிற்சிக்கு இவரைக் கூட்டிக்கொண்டு போய் வந்தேன். சொல்லிக்கொடுக்கிற ஷர்மிளா சின்னப் பெண். அதட்டலுக்கு மட்டும் குறைவில்லை. இந்த வாரப் பாடம் டி.வி. பார்ப்பதாம்.

"தினம் ஒரு நிகழ்ச்சி போதும்மா. சாருக்குப் பிடிச்சதா நீங்களே எடுத்து வைங்க. முடிஞ்சதும் அணைச்சிட்டு ஒரே ஒரு கேள்வி. அப்புறம் வாயைத் திறக்கக் கூடாது."

"அவரு பேசலைன்னா?"

"காத்திருங்க. எல்லாத்துக்கும் நீங்களே பதில் சொல்லிட்டா சார் எதுக்கும்மா பேசணும்?"

சுருக்கென்றது. உண்மைதான். கல்யாணமான நாளிலிருந்து இந்த வீட்டில் பேச்சு என் இலாகா.

ஐப்பசியில் பக்கவாதம் வந்ததிலிருந்து இவருக்கு ஒரே ஒரு வார்த்தைதான் வருகிறது. "ரைட்." உசிலம்பட்டி பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். மற்ற வார்த்தையெல்லாம் இறங்கிப் போய்விட்டது, இது மட்டும் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறது. சாப்பிடுறீங்களா? ரைட். வேணாமா? ரைட். தலையாட்டுவதும் அப்படித்தான், எல்லாத்துக்கும் ஒரே ஆட்டு. கேட்பது புரிகிறதாம், பதில்தான் சிக்கிக்கொள்கிறதாம்.

எனக்குப் பெரிசாக ஒன்றும் வேண்டாம். ஒரே ஒரு தடவை 'வேணாம்' என்று சொல்லிவிட்டால் போதும். அந்த மனசுக்குள் என்ன ஓடுகிறது என்று தெரிந்துகொள்வேன்.

பேப்பரைப் பார்த்து எடுத்து வைத்தது:

திங். பழைய பாட்டு
செவ். செய்தி விவாதம் (கத்துவார்கள். இவருக்குப் பிடிக்கும்)
புத. ஜல்லிக்கட்டு. பொங்கலுக்குப் போட்டதேதான்
வியா. சமையல்
வெள். கோயில் அபிஷேகம்
சனி. பட்டிமன்றம்
ஞாயி. கிரிக்கெட்

என் சீரியல் கிடையாது. இவருக்கு ஆகாது. டூட்டி முடிந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே, "இந்த அழுமூஞ்சி இன்னும் முடியலையா?" என்பார். அதில் மூத்த மருமகளை வளையல் திருடி என்று வீட்டை விட்டுத் துரத்திவிட்டார்கள். இந்த வாரம்தான் உண்மை வெளியே வரப்போகிறது. போகட்டும்.

பாட்டு நன்றாக இருந்தது. இவர் இடது கை விரல் தாளம் போட்டது. அணைத்துவிட்டு, "எந்தப் பாட்டு பிடிச்சுச்சு?" என்று கேட்டேன். வாயை மூடிக்கொண்டு உட்கார எவ்வளவு பாடு! "ரெண்டாவதுதானே? அதானே?" என்று சொல்லித் தொலைத்தேன்.

"ரைட்" என்றார்.

செவ்வாய்

குழாயில் தண்ணீர் லேட். வாங்க: மாத்திரை, நல்லெண்ணெய், துடைப்பம்.

விவாதம். நாலு பேரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். இவர் அவர்களைப் பார்க்கவே இல்லை, ஜன்னல் பக்கமே கண். பக்கத்து வீட்டு மல்லிகா என் சீரியலைச் சத்தமாக வைத்திருந்தாள். பாவம், தொந்தரவாக இருக்கிறது போல என்று எழுந்து ஜன்னலைச் சாத்தினேன்.

"இப்ப சரியா?"

"ரைட்."

சாத்திய பிறகு எனக்குத்தான் சங்கடம். பக்கவாதம் வந்த அன்றைக்கு மல்லிகா வீட்டுக்காரர் சவாரியை வழியிலேயே இறக்கிவிட்டு, ஆட்டோவில் இவரை அள்ளிப் போட்டுக்கொண்டு போனார். அதனால்தான் ஆள் மிஞ்சினார். அவர்கள் டி.வி. எவ்வளவு சத்தமாக வேண்டுமானாலும் ஓடட்டும்.

புதன்

சேது அண்ணன் வந்தார். இவர் கண்டக்டராக இருந்த பஸ்ஸின் டிரைவர். ஒரு சீப்பு நாட்டுப் பழம். "காப்பியெல்லாம் வேணாம் மதினி" என்று சொல்லிவிட்டு ரெண்டு டம்ளர் குடித்தார்.

மூணு பேரும் ஜல்லிக்கட்டு பார்த்தோம். மைக்காரர்: "மாட்டைப் புடிச்சா ஒரு அண்டா! ஒரு கட்டில்! ஏ தம்பி, வாலைப் புடிக்காத, வாலைப் புடிக்காத!" அண்ணன் நாற்காலியில் உட்காரவே இல்லை, இவரைப் பார்த்துக் கத்தினார்.

"அண்ணே, அந்தச் செவலையைப் பாருங்கண்ணே! எம்புட்டு ஒசரம் தாவுது!"

"ரைட்!"

அண்ணன் அப்படியே நின்றுவிட்டார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இந்தச் சத்தம் காதுல விழுந்தாத்தேன் எனக்குக் காலு ஆக்சிலேட்டருக்குப் போகும் மதினி. நானும் அண்ணனும் ரெண்டே வார்த்தையில இருவது வருசம் வண்டி ஓட்டுனோம்."

கிளம்பும்போது, "வாரேண்ணே" என்றார். "ரைட்" என்றார் இவர். அந்த ஒரு இடத்தில் அது சரியான பதில். ரெண்டு பேரும் சிரித்தார்கள். ஷர்மிளா சொன்ன கேள்வியைக் கேட்க மறந்தே போனேன். சேது அண்ணன் நல்லா இருக்கணும்.

வியாழன்

இன்றைக்கு அழுதுவிட்டேன். எழுதாமல் இருந்தால் ஆறாது.

சாயங்காலம் காபி கொடுத்தேன். முழுசும் குடித்தார். "நல்லாருக்கா?" "ரைட்." அப்புறம் என் டம்ளரை வாயில் வைத்தால் கசப்பு. ரெண்டிலும் சர்க்கரை போடவே இல்லை. முன்னெல்லாம் அரை ஸ்பூன் குறைந்தால் டம்ளர் அடுப்படிக்குத் திரும்பி வரும். அந்த மனுஷன் கசப்பை முழுங்கிவிட்டு ரைட் என்கிறார். இப்படி இன்னும் எதையெல்லாம் முழுங்கினாரோ. சோற்றில் சூடு, சட்டையில் குத்துகிற பட்டன், நான் போடுகிற சேனல்? எனக்குத் தெரியாமலே போய்விடுமா? பயமாக இருக்கிறது.

சமையல் நிகழ்ச்சி வத்தக்குழம்பு. முடிந்ததும், "நாளைக்கு இது வைக்கவா, வேணாமா?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். உதடு ரெண்டு தடவை அசைந்தது. இடது புருவத்தில் ஒரு தழும்பு. இத்தனை வருஷத்தில் நான் பார்த்ததே இல்லை. பேச்சை நிறுத்தியிருந்தால் முன்னாலேயே பார்த்திருப்பேன்.

கடைசியில் அதே ரைட்தான். ஆனாலும் முயற்சி செய்தார். அதுக்கே கும்பிடலாம்.

வெள்ளி

பாலாபிஷேகம் பாதியில் கரண்ட் போச்சு. மல்லிகா குழிப்பணியாரம் கொடுத்துவிட்டாள். வத்தக்குழம்பு வைத்தேன், உப்பு கூட.

சனி

புழுக்கம். இப்பவே ஃபேன் மூணில்.

பட்டிமன்றம்: வீட்டில் அதிகம் விட்டுக்கொடுப்பவர் கணவரா, மனைவியா? கணவர் கட்சி பேச வந்ததும் இவர் தூங்கிவிட்டார். நான் தனியாகச் சிரித்தேன்.

எழுந்ததும் சுவரைப் பிடிக்காமல் பாத்ரூம்வரை நடந்தார். தாயே மீனாட்சி, உனக்கு ரொம்ப நன்றிம்மா.

ஞாயிறு

இதை உடனே எழுதிவிட வேண்டும். எழுத்து கோணலாக வந்தால் வரட்டும்.

கிரிக்கெட் போட்டேன். இவர் பார்த்தார் என்றுதான் நினைத்தேன். நடுவில் விளம்பரம். விரல் சும்மா இருக்குமா, என் சேனலுக்குப் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை ஸ்பெஷல், ஒரு மணி நேரம். காணாமல் போன வளையல் மாமியாருடைய அரிசி டிரம்மிலேயே கிடைத்துவிட்டது! மூத்த மருமகள் வாசலில் வந்து நிற்கிறாள். மாமியார் நிலைப்படியில். ரெண்டு பேரும் பேசவில்லை, மேளம் மட்டும் அடிக்கிறது. எனக்கே குற்ற உணர்ச்சியாகிவிட்டது. இவருக்கான நேரத்தில் நான் பார்க்கிறேனே என்று கிரிக்கெட்டுக்கு மாற்றினேன்.

"ஹோல்டேன்!"

ரிமோட் கீழே விழுந்து பேட்டரி கட்டிலுக்கடியில் ஓடிவிட்டது. ஆள் இறங்குவதற்குள் பஸ் நகர்ந்தால் நிறுத்தச் சொல்லிப் போடுவாரே, அதே அதட்டல். ஆரப்பாளையம் ஸ்டாண்ட் முழுக்கக் கேட்கும்.

பத்து கேள்வி வாய்வரை வந்தது. ஒன்றையும் கேட்கவில்லை. அவர் இடது கையை டி.வி. பக்கம் நீட்டிக்கொண்டே இருந்தார். முகத்தில் கோபம். நிஜக் கோபம்! தவழ்ந்து போய்ப் பேட்டரியை எடுத்து, போட்டு, சீரியலுக்கு மாற்றினேன். கை இறங்கியது.

செவ்வாய்க்கிழமை ஜன்னலைப் பார்த்தது எதுக்கு என்று இப்பத்தான் உறைத்தது. அதையும் சாத்தினேனே, பாவி.

வேணாம் என்று சொல்ல ஒரு வார்த்தை வந்துவிட்டது. கொடுத்தது எந்தச் சாமியோ தெரியாது, எல்லாருக்கும் சேர்த்து நாளைக்குச் சூடம். ஷர்மிளாவுக்கு ஒரு பாக்கெட் ஸ்வீட்.

முடிகிறவரை ரெண்டு பேரும் பார்த்தோம். மூத்த மருமகளை உள்ளே விடுவதற்குள் 'தொடரும்' போட்டுவிட்டார்கள். அணைத்துவிட்டு, "நாளைக்கும் இதையே பாக்கலாமா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டேன். காத்திருந்தேன்.

"ரைட்" என்றார்.

நம்பினேன்.