வரவேற்புக்கு நட்ட ட்யூப்லைட்டுகள்

இல்லை, கூட்டத்தைப் பார்த்து அல்ல. ட்யூப்லைட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். காலை பதினொரு மணி. வேங்கிக்கால் வெயில். உன் அம்மா வீட்டு வாசலில், கம்பில் நிமிர்த்திக் கட்டிய ஒற்றை ட்யூப்லைட். வெயிலில் அதற்கு வெளிச்சமே இல்லை. எரிகிறது என்பது மட்டும் தெரிந்தது.

போனில் உன் அத்தை, "வந்து பாத்துட்டுப் போம்மா" என்றுதான் சொன்னார். காய்ச்சலில் கிடப்பவளைப் பார்க்க என்று நினைத்தேன். வழியில் ஆறு ஆரஞ்சு வாங்கினேன். அந்தப் பையோடு தெருவில் நின்றேன். திங்கட்கிழமை நீ மாங்காய்ப் பத்தையைப் படம் எடுத்து அனுப்பியிருந்தாய். "வாயெல்லாம் கசக்குதுடி, இது ஒண்ணுதான் இறங்குது." நான் வந்து நின்றது வியாழன்.

நாலு மாதம் முன்பு இதே தெருவின் முனையில், சமுதாயக் கூடத்தில், உன் வரவேற்பு. மேடை அலங்காரக்காரர் சொன்ன தொகையைக் கேட்டு உன் அம்மா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "வுடும்மா, லைட்டுதானே, நாங்களே போட்டுக்கறோம்" என்றாய். நாம் இரண்டு பேரும் சவுண்ட் சர்வீஸ் கடைக்குப் போனோம். கார்த்திகை மாதம். கடையின் அலமாரிகள் காலி.

"தீபத்துக்கு எல்லாம் போயிடுச்சும்மா. கலர் செட்டு ஒண்ணு கூட இல்ல. ட்யூப்லைட்டுதான் இருக்குது, வாடகை கம்மி." கடைக்காரர் கொஞ்சம் தயங்கினார். "கல்யாணத்துக்குன்னா பெரியவங்கள ஒரு வார்த்தை கேட்டுக்குங்க."

கேட்கவில்லை. அடி அண்ணாமலையில் என் சித்தப்பாவிடம் பழைய கலர் சீரியல் லைட் இருக்கும், இரண்டு நாள் பொறுப்போம் என்றேன். நீ ஒத்துக்கொள்ளவில்லை. "மினுக்கு மினுக்குன்னு பொருட்காட்சி மாதிரி இருக்கும்டி. வெள்ளை. வெறும் வெள்ளை."

ட்யூப்லைட்டை எல்லோரும் படுக்கைவாட்டில் கட்டுவார்கள். நாம் நிமிர்த்தினோம். பெயிண்ட் டப்பாக்களில் மணல் கொட்டி, கம்பு நட்டு, வாசலிலிருந்து மேடை வரை இரண்டு வரிசை. நூலகத்தில் நாம் புரட்டிய கட்டடக்கலைப் புத்தகங்களில் வருவது போல. கோடுகள். நடுவே பாதை. சாவு வீட்டு வாசலைப் பார்க்காதவர்களா நாம்? எத்தனையோ பார்த்திருக்கிறோம். அன்று கண்ணுக்கு வரவில்லை.

கீழ்பென்னாத்தூரிலிருந்து வேனில் வந்து இறங்கிய உன் அத்தைக்கு உடனே வந்தது. வாசலிலேயே நின்றுவிட்டார்.

"ஏண்டி, யாரு செத்துட்டாங்கன்னு இப்படி நட்டு வெச்சிருக்கீங்க?"

பின்னால் வந்தவர்களும் நின்றார்கள். என் கையில் பசை டேப் இருந்தது. நீ பட்டுப் புடவையை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாய்.

"நான் இன்னும் சாவல அத்த. உள்ள வா, ஐஸ்கிரீம் உருகுது."

எல்லோரும் சிரித்தார்கள். அத்தை உன் தலையில் செல்லமாகக் குட்டினார். மஞ்சள் காகிதம் வாங்கி வந்து ஒவ்வொன்றாகச் சுற்றிவிடுகிறேன் என்று உன் காதில் சொன்னேன். கையைப் பிடித்து இழுத்தாய். "சும்மா இருடி. எனக்குப் புடிச்சிருக்கு." ஈசல் வந்தது. சாம்பாரில் விழுந்தது. மாப்பிள்ளையின் கோட்டுக்குள் ஒன்று போய்விட, அவர் மேடையில் நெளிந்தார். நீ குனிந்து குனிந்து சிரித்தாய். அந்த வெளிச்சத்தில் ஒருவர் முகத்திலும் நிழல் இல்லை.

வியாழக்கிழமை, ஆரஞ்சுப் பையோடு உள்ளே போனேன். கண்ணாடிப் பெட்டிக்குள் நீ. உன் கணவர் தலைமாட்டில் சுவரில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். உன் அம்மா கால்மாட்டில். அருகில் அத்தை, யாரிடமும் என்றில்லாமல் பேசிக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கே வாசல்ல நின்னு கேட்டேன். நல்ல காரியத்துல வாசல்ல நட்டு வெச்சாளுங்களே."

நான் சகுனம் பார்க்கிறவள் இல்லை. உனக்குத் தெரியும். ஆனாலும் அந்த நொடி நம்பினேன். இதை உன்னிடம் மட்டும் சொல்கிறேன். ஒரு நொடி, முழுதாக.

உன் அம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அழுது தீர்ந்த கண்.

"வெள்ளை லைட்டு யாரு எடுக்கச் சொன்னது? அவளா, நீயா?"

அவள்தான் என்று சொன்னால் அது உண்மை. அந்த உண்மையோடு அவர் இனி இந்த வீட்டில் இருக்க வேண்டும். மகள் தன் வாசலில் தானே நட்டாள் என்று ஒவ்வொரு நாளும் எண்ணிக்கொண்டு.

"நான்தாம்மா."

"அவ வேணாம்னாளா?"

"வேணாம்னுதான் சொன்னா. நான்தான் கேக்கல."

அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டார். உன் அம்மா மெல்லத் தலையாட்டினார்.

"அவளுக்குக் கலருதான் புடிக்கும். சின்னதுலேர்ந்தே."

உனக்குப் பிடிக்காது. பள்ளியிலிருந்தே பிடிக்காது. ஆமாம்மா என்றேன். இனி உன் வீட்டில் நீ கலர் பிடித்தவள். உன் பேச்சைக் கேட்காத சிநேகிதி நான். இதை யாரிடமும் திருத்தப் போவதில்லை. உன்னை இப்படி மாற்றிச் சொன்னதற்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்கவும் எனக்குத் தெரியவில்லை.

காலையிலிருந்து உன் அம்மா எதுவும் குடிக்கவில்லை என்றார்கள். பக்கத்து வீட்டுக்குப் போய்க் காபி வாங்கி வந்து கொடுத்தேன். பாதி குடித்தார்.