பிள்ளைகளை ஒப்படைக்கும் ஊர்

21-4-96

உக்கடம் போய் அப்துல் குத்தூஸ் பாயைப் பார்த்தேன். என் நாவலை இரண்டு தடவை படித்திருக்கிறார். தன் பதிப்பகத்தில் போடுவாரா மாட்டாரா, அதை முதலில் சொல்லாமல் டீ வாங்கிக் கொடுத்தார்.

"தமிழ் அப்படியே வழுக்கிட்டுப் போகுதுங்க வாத்தியாரே. 'கழுவி வைத்த தட்டுப்போல நிலா காய்ந்துகொண்டிருந்தது' - அங்க புத்தகத்த மூடி வெச்சுட்டு உக்காந்துட்டேன். ஆனா அந்த ஊருதான் நம்பற மாதிரி இல்லீங்க."

வருங்காலத்தில் ஒரு நகரம். பதினாறு வயதானால் பிள்ளைகளைச் சிப்பாய்கள் வந்து ஒரு மதிலுக்குள் அடைத்துவிடுவார்கள். பெயர் போய் எண் வரும். பரீட்சை வைத்துத் தரம் பிரிப்பார்கள். ஆறு வருஷமாக இளையவர்களுக்கென்று எழுதியது இது. "பெத்தவங்க பாத்துட்டு சும்மா இருப்பாங்களா? படிக்கிற பசங்க சிரிச்சுப்போடுவாங்க" என்கிறார். அதைச் சரி செய்தால் தை மாதம் அச்சாகும், இல்லாவிட்டால் இல்லை.

24-4-96

முகில் படித்து முடித்தாள். பத்தாவது பரீட்சை எழுதிவிட்டுச் சும்மா இருக்கிறாளே என்று நானே கொடுத்தது.

"வரியெல்லாம் சூப்பருங்கப்பா. ஆனா சிப்பாய்ங்க மொத்தமே அம்பது பேரு. ஊருல லட்சம் பேரு. ஒரே ஒரு அப்பாவாச்சும் புள்ளைய இழுத்துட்டு ஓட மாட்டாரா?"

கதை என்றால் அப்படித்தான் கண்ணு என்றேன் வெடுக்கென்று. பெற்ற மகளிடம் இப்படி எரிச்சல்படுவேனா? சாயங்காலம் இன்னும் இருநூறு சிப்பாய்களையும் ஒரு மின்சார வேலியையும் நாய்களையும் சேர்த்தேன். இன்னும் கேவலமாகிவிட்டது.

3-6-96

ரிசல்ட். முகில் பள்ளியில் முதல். வீடு நிறைய சொந்தக்காரர்கள்.

கருணாம்பிகை முடிவே செய்துவிட்டாள். "இத்தன மார்க்க வெச்சுட்டு இங்கியே உக்காந்திருந்தா டாக்டர் சீட்டு ஊடு தேடி வருமாங்க?" நாமக்கல் பக்கம் ஹாஸ்டலோடு ஒரு பள்ளி. அவள் அண்ணன் மகன் அங்கே படித்துத்தான் சீட்டு வாங்கினான்.

முகிலுக்குத் தமிழ் இலக்கியம் படிக்க ஆசை. அம்மாவிடம் சொல்லவில்லை, என்னிடம்தான் சொன்னாள். இருபது வருஷமாகத் தமிழ் நடத்துகிறவன் நான். "ரெண்டே வருஷம் கண்ணு, பல்லக் கடிச்சுக்கோ" என்றேன்.

14-6-96

கொண்டுபோய் விட்டோம்.

வாசலில் பெற்றோர் வரிசை ரோடு வரைக்கும் நின்றது. தகரப்பெட்டி, பக்கெட், தலையணை. எல்லார் முகத்திலும் கல்யாணக் களை. ஒருவர் இடையில் நுழையப் பார்த்தார். சண்டை போட்டு என் இடத்தைப் பிடித்துக்கொண்டேன். பெட்டி மேல் எண் எழுத வேண்டும் என்று பெயிண்டும் பிரஷும் வைத்திருந்தார்கள். 317 - நான்தான் எழுதினேன். என் கையெழுத்து அழகாக இருக்கிறதென்று பக்கத்திலிருந்தவர் தன் மகன் பெட்டிக்கும் எழுதித் தரச் சொன்னார். எழுதித் தந்தேன்.

பிளஸ் ஒன் புத்தகத்தைத் திறக்கவே மாட்டார்களாம், முதல் நாளிலிருந்தே பிளஸ் டூதான். பெற்றவர்கள் வருவது மாதக் கடைசி ஞாயிறு மட்டும். கேட்டில் காவலுக்கு ஒரே ஒரு பெரியவர், கையில் பீடி.

முகில் அழவில்லை. "போய்ட்டு வாங்கப்பா" என்றாள்.

15-6-96

நாவலிலிருந்து சிப்பாய்கள் எல்லாரையும் எடுத்துவிட்டேன்.

28-7-96

பார்க்கும் நாள். வேப்ப மரத்தடிகளில் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து கேரியரைப் பிரிக்கிறார்கள். முகில் இளைத்துவிட்டாள். விடியும் முன்னே எழுப்பி உட்கார வைக்கிறார்களாம். கருணாம்பிகை ஊட்ட ஊட்ட, திருத்திய பக்கங்களைப் படித்தாள். வரிசையில் நின்று ஒப்படைக்கும் அத்தியாயத்தையும் கடைசி அத்தியாயத்தையும் மட்டும்.

"இப்ப நம்பற மாதிரி இருக்குங்கப்பா."

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வெட்கம் கெட்ட சந்தோஷம்.

"கடைசிலதான் இடிக்குது. அந்தப் பொண்ணு மதில் ஏறிக் குதிச்சு ஓடறாளே, அது நம்ப முடியலீங்க."

"ஏன் கண்ணு?"

"எங்க போவா? ஊட்டுக்குத்தானே போவா. அவங்கப்பா அடுத்த பஸ்ஸுலயே கொண்டாந்து விட்டுருவாரு."

கோபமாகச் சொல்லவில்லை. கணக்கில் ஒரு தப்பைக் காட்டுகிற மாதிரி சொன்னாள். கருணாம்பிகை டம்ளர் கழுவப் போயிருந்தாள். வா, போகலாம் என்று சொல்லியிருக்கலாம். ரெண்டே வார்த்தை. மணி அடித்ததும் எழுந்து கை கழுவிக்கொண்டு போய்விட்டாள்.

30-7-96

நானெல்லாம் என்ன மனுசன்? புள்ள கேக்காமக் கேட்டுப்போட்டுப் போயிருக்குது, நான் கேரியரத் தூக்கிட்டு பஸ் ஏறி வந்திருக்கறேன்.

கருணாம்பிகையிடம் சொன்னேன், கூட்டி வந்துவிடலாம் என்று. "படிக்க முடியாம ஓடியாந்துட்டான்னு ஊருக்குள்ள பேசுவாங்க. அவளே ஒண்ணும் சொல்லலீங்களே, உங்களுக்கு என்னங்க?" என்றாள். அவள் மறுத்தது எனக்கு ஆறுதலாகத்தான் இருந்தது. அதைத்தான் தாங்க முடியவில்லை.

4-8-96

எழுத உட்கார்ந்தேன். முடியவில்லை.

18-8-96

கடைசி அத்தியாயத்தை மாற்றிப் போன வாரமே கொடுத்துவிட்டேன். அந்தப் பெண் இப்போது குதிப்பதில்லை. மதிலை ஒருமுறை பார்க்கிறாள், போய்ப் படிக்க உட்காருகிறாள்.

இன்று பாய் வீட்டுக்கே வந்துவிட்டார். "இப்ப நிக்குதுங்க வாத்தியாரே. ஒரு இடத்துல கூட சந்தேகம் வரல. தை மாசம் போட்டுடலாம்." கருணாம்பிகை காபி கொண்டுவந்தாள். அடுத்த ஞாயிறு எடுத்துப் போக முறுக்கு சுட்டுக்கொண்டிருந்தாள், அதிலும் நாலு வைத்தாள்.

போகும்போது செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டார், "புள்ள எப்படிங்க இருக்குது?"

"நல்லாப் படிக்கறாளுங்க" என்றேன்.