கதவுக்கு அடியில் வெளிச்சம்

அண்ணே,

இன்று காலை ஜூரோங்கில் ஒரு தொழிலாளர் விடுதி வாசலில் உட்கார்ந்து, தோட்டத்துக்குத் தண்ணீர் அடிக்கும் ரப்பர் குழாயை நீளவாக்கில் பிளந்துகொண்டிருந்தேன். வெயிலில் சூடேறிக் கிடந்த ரப்பரில் கத்தி இறங்கியதும் அந்த வாசனை கிளம்பியது. கை தானாக நின்றுவிட்டது.

நீங்கள் இறந்து எட்டு மாதமாகிறது. உங்கள் மனைவி அனுப்பிய குரல் செய்தியைத் தேக்கா பேருந்து நிறுத்தத்தில் நின்றபடி கேட்டேன். "நெஞ்சு வலிக்குதுன்னு உக்காந்தாங்க. எந்திரிக்கவே இல்லம்மா." முப்பத்தைந்து வயது. என்னைவிட ஏழு வயது மூத்தவர், அவ்வளவுதான். அந்தச் செய்திக்கு என்ன பதில் அனுப்புவது என்று அன்று எனக்குத் தெரியவில்லை. இப்போது உங்களுக்கே எழுதுகிறேன்.

பூச்சி மருந்து கம்பெனியின் ஒரே வேனில் இரண்டு வருடம் சுற்றினோம். நான் லீடர், நீங்கள் ஆள். எனக்கு இந்த ஊர் அடையாள அட்டையும் பாலிடெக்னிக் சான்றிதழும் இருந்தன. உங்களுக்கு வேலை அனுமதியும், வளைகுடாப் பாலைவனத்தில் தொழிலாளர் முகாம்களைப் பராமரித்த ஏழு வருடங்களும் இருந்தன. இந்த ஊர்க் கணக்கில் என் பக்கம்தான் கனம் அதிகம். அது அபத்தம் என்று நம் இருவருக்கும் தெரியும். ஒருநாளும் நீங்கள் அதைச் சொல்லிக் காட்டியதில்லை. கேலி மட்டும் ஓயாது.

"லீடரம்மா, எறங்கலாமா? இல்ல வேனுக்குள்ளயே கரப்பான் புடிக்கப் போறீங்களா?"

வசதியானவர்களின் கொண்டோ அடுக்குமாடியில் ஒரு கரப்பான் தலைகாட்டினால், இன்னோர் ஆளையும் சேர்த்துக்கொண்டு மூன்று பேர் ஓடுவோம். காலணிக்கு உறை மாட்டிக்கொண்டு, வீட்டுக்காரம்மாவிடம் பத்து முறை மன்னிப்புக் கேட்டு, மறுவாரம் போய் மறுபடியும் பார்த்துவிட்டு வருவோம். ஆனால் சுவா சூ காங் பக்கம், காட்டை ஒட்டிய அந்த விடுதியில் மூன்று பேரைத் தேள் கொட்டியபோது, நமக்குக் கொடுத்தது ஒரு மணி நேரம். "காட்டுப் பக்கத்துல இருந்தா தேள் வராம என்ன வரும்? சுத்தி அடிச்சிட்டு, கையெழுத்துப் போட்டு வா லா" என்றார் மேனேஜர். இந்த ஊர்த் தேள் ஆளைக் கொல்லாது என்று வேறு சொன்னார். வீங்கிய காலைக் காலணிக்குள் திணித்துக்கொண்டு, அவர் ஒரு நாள் சாரத்தில் ஏறிப் பார்க்கட்டும்.

அந்த வெள்ளிக்கிழமை நான் மருந்தைக் கலந்து முடித்துவிட்டேன். நீங்கள் குழாயைத் தொடவில்லை.

"நான் அடிக்க மாட்டேன்" என்றீர்கள்.

எனக்குக் கோபம் வந்தது. அடுத்து கிளமெண்டியில் இரண்டு வீடுகள் காத்திருந்தன. "அண்ணே, வெளையாடாதீங்க. டைம் இல்ல."

அப்போதுதான் வளைகுடா முகாம் ஒன்றைப் பற்றிச் சொன்னீர்கள். சுற்றிலும் மணல். தகர அறைகள். அறைச் சுவரை ஒட்டிக் கட்டடக் கற்களும் பலகைகளும் அடுக்கியிருக்கும், அதற்கடியில் தேள். அங்கிருந்த மேலாளர் சொன்னபடி ஒரு மதியம் அந்த அடுக்கு முழுக்க மருந்து அடித்திருக்கிறீர்கள். தேள் அவ்வளவு சுலபத்தில் சாவதில்லை. எரிச்சல் தாங்காமல் கதவுக்கு அடியில் புகுந்து அறைக்குள் வந்துவிட்டன. சாயங்காலம் வேலை முடிந்து வந்து, தரையில் கிடந்த போர்வையை எடுத்து உதறிய உங்கள் அறைத் தோழரைக் கொட்டிவிட்டது. மூன்று நாள் வாயில் நுரையோடு மருத்துவமனையில் கிடந்து பிழைத்திருக்கிறார்.

"தேள் கொட்டுச்சுன்னு எல்லாரும் சொன்னாங்க. அதை அவன் படுக்கைக்கு வெரட்டி விட்டது என் கையி" என்றீர்கள்.

பிறகு ஓர் அறைக்குள் என்னைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினீர்கள்.

"படுங்க."

"எங்கண்ணே?"

"தரையில. கன்னத்தை வச்சு."

"யூனிஃபார்ம் அழுக்காகும்."

"அழுக்காகட்டும் லா" என்று இந்த ஊர் 'லா'வை என்னைப் போலவே இழுத்தீர்கள்.

படுத்துப் பார்த்தேன். கதவுக்கு அடியில், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை, ஒரு விரல் உயரத்துக்கு வெயில் தெரிந்தது. கதவுக்கு நேர் எதிரே, சுவரோடு ஒட்டிய கட்டிலில் இரவு வேலை முடிந்த ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார். அவருடைய போர்வையின் நுனி தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"வெளிச்சம் நொழையிற எடத்துல தேளும் நொழையும். மொதல்ல இதை அடைக்கணும். அதுக்கப்புறம்தான் மருந்து."

நான் மருந்தை வேனில் ஏற்றினேன்.

ஞாயிற்றுக்கிழமை திரும்பிப் போனோம். வாரத்தில் ஒரே ஒரு விடுமுறை நாள்; ஊர்க்காரர்களைப் பார்க்கத் தேக்காவுக்குப் போக நல்ல சட்டை போட்டிருந்தவர்கள்கூடச் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு வந்தார்கள். கப்பல் பட்டறையில் வேலை செய்த ஒருவர், வேண்டாம் என்று தூக்கிப் போட்ட ரப்பர் குழாய்களைக் கேட்டு வாங்கி வந்திருந்தார். நீங்கள் பிளந்தீர்கள்; நான் கதவின் அடியில் வைத்துத் திருகாணி முடுக்கினேன். சுவரோரப் பலகைகளை எல்லாம் வேலி ஓரத்துக்கு மாற்றினோம். கட்டில்களைச் சுவரிலிருந்து ஒரு சாண் நகர்த்தினோம். காலணி மாட்டுமுன் தலைகீழாகத் தட்ட வேண்டும், போர்வை தரையில் படக்கூடாது என்று அறை அறையாகச் சொல்லிக்கொண்டே போனீர்கள்.

"டேய், மேடமே ஸ்குரு முடுக்குறாங்க, போட்டோ எடுங்கடா" என்றார் ஒருவர்.

"எடுக்குற கையில ஒரு ஸ்குரு டிரைவரையும் புடி ராசா" என்றீர்கள்.

முப்பத்தாறு கதவுகள். எல்லாவற்றையும் அடைத்த பிறகுதான் வெளிச்சுவரைச் சுற்றி மருந்து அடித்தீர்கள். வேலைத் தாளில் வெள்ளிக்கிழமைக் கட்டத்துக்கு எதிரே தமிழில் எழுதினீர்கள்: "அன்று அடிக்கவில்லை. கதவுகளை அடைத்துவிட்டு ஞாயிறு அடித்தோம்."

திங்கட்கிழமை மேனேஜர் அந்தத் தாளை மேசைமேல் போட்டார். வாடிக்கையாளரிடம் வெள்ளியே முடிந்துவிட்டது என்று அவர் சொல்லியிருந்தார்.

"யாரோட முடிவு இது?"

லீடர் நான். வேனைத் திருப்பியதும் நான். ஆனால் நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"என் முடிவு சார்" என்றீர்கள்.

"முடிவெடுக்க நீ யாரு லா?"

"அந்தக் கதவுக்கு அடியில படுத்துப் பாத்தவன் சார்."

இதுவரை எத்தனையோ மேடைப் பேச்சு கேட்டிருக்கிறேன். அந்த ஒரு வரிக்குப் பக்கத்தில் எதுவும் நிற்காது. அடகு வைத்த நகையையும் படிக்கிற பிள்ளையையும் ஊரில் விட்டுவிட்டு, ஒரு கையெழுத்தில் உங்களை ஊருக்கே விமானம் ஏற்றிவிடக்கூடிய மனிதரின் முகத்தைப் பார்த்து அதைச் சொன்னீர்கள்.

இரண்டு மாதம் கழித்து கம்பெனி உங்கள் வேலை அனுமதியைப் புதுப்பிக்கவில்லை. காரணமும் சொல்லவில்லை. கடைசி நாள் தேக்காவில் தேநீர் குடித்துக்கொண்டே கேட்டேன்: "என் பேரை ஏண்ணே சொல்லல?"

"நீங்களே சொல்லுவீங்கன்னு நெனச்சேன். சொல்லல. பரவால்ல, லீடரம்மா. இன்னொரு நாள் சொல்லுங்க."

சிரித்துக்கொண்டுதான் சொன்னீர்கள். அதனால் இன்னும் ஆழமாக இறங்கியது.

சுவா சூ காங் விடுதியில் அதன் பிறகு ஒருவரையும் தேள் கொட்டவில்லை. போன மாதம் போயிருந்தேன். ரப்பர் தேய்ந்த கதவுகளில் அவர்களே புதிதாக மாட்டியிருந்தார்கள். உங்களைப் பார்த்தே இராத ஒரு பையன், "இது அண்ணன் கதவு, ஒரு எடத்துலகூட வெளிச்சம் வராது" என்று எனக்கே விளக்கினான். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அந்த அண்ணனோடு ஒரே வேனில் போனவள் நான் என்று கத்த வேண்டும்போல் இருந்தது.

இன்று ஜூரோங்கிலும் அதே கதைதான். அதே மேனேஜர், அதே ஒரு மணி நேரம். மருந்தைக் கலக்காமல் குழாயைப் பிளந்துகொண்டிருந்தபோது தொலைபேசி வந்தது.

"இன்னும் அடிக்கலையா? யாரோட முடிவு?"

"என் முடிவு சார்."

"நாளைக்கு ஆபீஸ் வா" என்று வைத்துவிட்டார்.

எனக்கு என்ன ஆகிவிடும்? ஓர் எச்சரிக்கைக் கடிதம் வரும். மிஞ்சிப்போனால் வேறு வேலை தேடுவேன். என்னை யாரும் விமானம் ஏற்ற முடியாது. அதனால் இதை வீரம் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். அந்தச் சொல் உங்களுக்கு உரியது. நீங்கள் சொன்ன அந்த இன்னொரு நாள் மூன்று வருடம் தாமதமாக வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

முதல் கதவில் ரப்பரை முடுக்கி முடித்ததும் உள்ளே போய்ச் சாத்தினேன். சீருடையோடு தரையில் படுத்துக் கன்னத்தை வைத்துப் பார்த்தேன்.

ஒரு நூல்கூட வெளிச்சம் இல்லை, அண்ணே.