கட்டைபறிச்சான் ஃபோல்டர்

இன்று காலை உங்கள் கணினி என்னோடு சண்டைக்கு வந்தது. பழைய ஃபோல்டர் ஒன்றை அழிக்கப் பார்த்தேன். முடியாது, அனுமதி வேண்டும் என்றது. யாருடைய அனுமதி என்று உங்கள் பெயரையும் போட்டுக் காட்டியது. நீங்கள் போய் இருபத்தாறு நாள். மெஷினுக்கு அது எங்கே தெரியப்போகிறது?

எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. முப்பத்தோராம் நாளுக்குக் கொடுக்க வேண்டிய உங்கள் கல்வெட்டை நான்தான் செய்துகொண்டிருக்கிறேன். இருபது வருடமாக உள்துறைமுக வீதிக் கடையில் நாங்கள் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து செய்த வேலை அது. செத்தவரின் படம், வாழ்க்கை வரலாறு, திதி வெண்பா, கடைசியில் நன்றி நவிலல், எல்லாம் சேர்த்து ஒரு சின்னப் புத்தகம். உங்களுடையது நாளைப் பின்னேரம் அச்சுக்குப் போக வேண்டும். படங்களைச் சேர்த்துச் சேமிக்கப் போனால் டிஸ்கில் இடம் இல்லை.

இடம் விஷயத்தில் எங்களுக்குள் எப்போதும் கொளுவல்தான். புத்தகம் அச்சாகிக் கொடுத்த பிறகு இந்த ஃபோல்டர்களைக் கட்டி அழுவது எதற்கு என்பேன். "சனம் திரும்பி வருமப்பா" என்பீர்கள். எங்கள் பக்கத்துச் சனம் எத்தனை தரம் உடுத்த உடுப்போடு ஓடியது, எத்தனை வீட்டுப் படங்கள் அலுமாரியோடு போயின என்று எனக்கும் தெரியும். ஆனால் எனக்குப் பொறுமை என்பது மருந்துக்கும் கிடையாது.

ஆறு வருடத்துக்கு முன்னர், பரீட்சைத் தாள் வேலை குவிந்து கிடந்த ஒரு கிழமை, நீங்கள் சாப்பிடப் போன நேரம் பார்த்து ஒரு பெரிய ஃபோல்டரை அழித்தேன். மூதூர்ப் பக்கம் கட்டைபறிச்சான் என்ற ஊர்ப் பெரியவர் ஒருவருடையது. குப்பைத்தொட்டியையும் வெறுமையாக்கினேன். நீங்கள் வந்து உட்கார்ந்து, "இண்டைக்கு மெஷின் நல்லா ஓடுது" என்றீர்கள். "ஓம்" என்றேன்.

மாரி முடிந்ததும் அந்தப் பெரியவரின் மகள் வந்தாள். வெள்ளம் வீட்டுக்குள் வந்து படம், புத்தகம் எல்லாம் கூழாகிவிட்டதாம். "அப்பான்ர முகம் இனி உங்களிட்ட மட்டும்தான் அக்கா இருக்கு" என்றாள். நீங்கள் ஒரு மணித்தியாலம் தேடினீர்கள். நான் மற்ற மேசையில் குனிந்த தலை நிமிராமல் பக்கங்களுக்கு ஸ்டேப்ளர் பின் அடித்துக்கொண்டிருந்தேன். கடைசியில் நீங்கள் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு, "என்ர பிழை தங்கச்சி. இடம் காணாதெண்டு நான்தான் அழிச்சுப்போட்டன் போல கிடக்கு" என்றீர்கள்.

அவள் உங்களைப் பார்த்த பார்வை எனக்கு வந்திருக்க வேண்டியது. நான் அடுத்த புத்தகத்தை எடுத்துப் பின் அடித்தேன். அவள் போனதும் நீங்கள் எழும்பிப் போய் எங்கள் இரண்டு பேருக்கும் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தீர்கள், அவ்வளவுதான். அதற்குப் பிறகு நான் எதையும் அழிக்கத் துணியவில்லை. அதனால் ஃபோல்டர்களை நீங்கள் பூட்டி வைத்ததே எனக்கு இன்றுதான் தெரிய வந்தது.

பூட்டை உடைக்க எனக்குத் தெரியும். செக்யூரிட்டிக்குள் போய் ஃபோல்டரின் சொந்தக்காரியாக என் பெயரை மாற்றினால் சரி. அங்கே பெயர்ப் பட்டியல் ஒன்று திறந்தது. என் பெயருக்கு நேரே, அழிக்கத் தடை. என்னை நம்பவில்லை, எப்படி நம்புவது என்று நினைத்தேன். ஆனால் அதற்கு மேலே உங்கள் பெயர் இருந்தது. அதற்கும் அதே தடை போட்டிருந்தீர்கள். அழிக்காதவருக்கு எதற்குத் தடை?

விளங்காமல் பட்டியலை மூடிவிட்டு ஃபோல்டர்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போனேன். நடுவில் கட்டைபறிச்சான் இருந்தது. நான் என் கையால் அழித்த அதே பெயர். திகதி, அந்த மகள் வந்து போய் ஒன்றரை மாதம் கழித்து. உள்ளே நாங்கள் அவருக்குச் செய்த புத்தகத்தின் பக்கங்கள் ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்யப்பட்டிருந்தன, ஓரமெல்லாம் யாரோ வீட்டுக் குசினிப் புகை பிடித்த மஞ்சள். பெரியவரின் முகத்தை மட்டும் தனியாக எடுத்து, கறையெல்லாம் துடைத்து வைத்திருந்தீர்கள். மற்ற எல்லாவற்றையும் மறந்து அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இடத்துக்கு வழி பண்ணினேன். நான் பார்க்க இறக்கி வைத்திருந்த டீவி நாடகங்களை எல்லாம் அழித்தேன். அவற்றுக்கு ஒருவருடைய அனுமதியும் தேவைப்படவில்லை. பிறகு உங்கள் கல்வெட்டில் எனக்கென்று ஒதுக்கிய பக்கத்தைத் திறந்தேன். அன்பானவர், பண்பானவர் என்று, எல்லாருக்கும் போடுவதைத்தான் போட்டிருந்தேன். அதை எடுத்துவிட்டு நடந்ததை நடந்தபடி எழுதினேன்.

பின்னேரம் உங்கள் வீட்டுக்காரர் பாலையூற்று வீட்டிலிருந்து பிழை திருத்த வந்தார். என் பக்கத்துக்கு வந்ததும் நிறுத்தி, கண்ணாடியைக் கழற்றினார்.

"உது இதில போடத்தான் வேணுமோ?"

"போடவேணும் அண்ணை. என்ர பழியை அவவெல்லோ சுமந்தவ. அவவுக்குத் தெரியாமலே..."

"அவவுக்குத் தெரியும்" என்றார். "அண்டைக்கே வந்து எனக்குச் சொன்னவ. மூண்டு தரம் மூதூர் பஸ் ஏறிப் போய், அங்க இனசனம் வீடு வீடாக் கேட்டு ஒரு புத்தகம் எடுத்தவ. அந்தப் பிள்ளைக்குப் படம் பிரேம் போட்டுக் குடுத்தவ."

கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். "என்னட்ட ஏன் ஒரு சொல்லும் கேக்கேல்லை?"

"நானும் அதைத்தான் கேட்டனான். 'கேட்டா வெக்கப்படுவா, அவவா சொல்லட்டும்' எண்டவ." கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "ஆஸ்பத்திரியிலயும் ஒருநாள் கேட்டன், சொல்லிட்டாவோ எண்டு. 'இன்னும் இல்லை' எண்டு சிரிச்சவ."

உங்கள் பெயருக்கும் ஏன் அதே தடை என்று அப்போதுதான் விளங்கியது, பட்டியலைக் கண்டு நான் வெட்கப்படக் கூடாதென்று. ஆஸ்பத்திரிக்கு நான் பதினான்கு நாள் வந்தேன். தோடம்பழம் உரித்துத் தந்தேன். பிரின்டர் செய்யும் கூத்து, பக்கத்துக் கடைக்காரனின் புதுப் பெயர்ப் போர்ட், எல்லாக் கதையும் கதைத்தேன். நீங்கள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு கேட்டீர்கள். நான் எழும்பும்போதெல்லாம் "இன்னும் கொஞ்சம் இருந்திட்டுப் போங்கோவன்" என்றீர்கள். உங்களுக்குத் தனியே இருக்கப் பயம் என்று நினைத்தேன்.

அந்தப் பக்கம் அப்படியே அச்சுக்குப் போகிறது. சனிக்கிழமை நானும் மூதூர் பஸ் ஏறுவேன், அந்தப் பிள்ளையிடம் சொல்ல. அவள் ஏசினால் கேட்டுக்கொண்டு நிற்பேன். உங்களிடம் சொல்வதற்குத்தான் எனக்கு இனி ஒரு பஸ்ஸும் இல்லை. நான்தான் அழித்தேன். உங்களுக்குப் பக்கத்துக் கதிரையிலேயே இருந்துகொண்டு, ஆறு வருடம் இதைச் சொல்லாமல் வைத்திருந்தேன்.