தப்பிக்கும் வரிசை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு, மாமா எழுதுகிறேன்.

முதன்முதலாக எங்கள் வீட்டுக்கு வந்த அன்று நீங்கள் கேட்ட கேள்வி நினைவிருக்கிறதா? ஒன்று முதல் ஒன்பது வரை எல்லா இலக்கங்களையும் உங்களுக்குப் பிடித்த வரிசையில் எழுதச் சொன்னேன். பிறகு அவற்றையே மிகப் பெரிய எண்ணாகவும் மிகச் சிறிய எண்ணாகவும் அடுக்கி, பெரியதிலிருந்து சிறியதைக் கழிக்கச் சொன்னேன். நீங்கள் தாளைக் காட்டுவதற்குள் 864197532 என்று சொல்லிவிட்டேன். விடையிலும் அதே ஒன்பது இலக்கங்கள். "இந்த விடையிலேர்ந்து தப்பிக்கிற வரிசை ஒண்ணுகூடவா இல்ல மாமா?" என்றீர்கள். "கண்டுபிடிங்க, நான் வாத்தியார் வேலையையே விட்டுடறேன்" என்றேன். அடுப்படியிலிருந்து பாப்பா சிரித்தாள்.

அந்தக் கேள்வியை இப்போது அவள் எடுத்துக்கொண்டிருக்கிறாள். உங்கள் கப்பல் கம்பெனிக்காரர் வந்து, உங்களைத் தேடுவதை நிறுத்திவிட்டோம் என்று சொல்லிப் போன மறுநாள் தொடங்கினாள். தப்பிக்கும் வரிசை ஒன்று கிடைத்தால் நீங்கள் வந்துவிடுவீர்களாம். "எப்படிக் கலைச்சு எழுதினாலும் பெருசு 987654321தான், சிறுசு 123456789தான். ஒரே கணக்கைத்தாம்மா திரும்பத் திரும்பப் போடறே" என்று வகுப்பில் சொல்வதுபோலப் பொறுமையாகச் சொன்னேன். "கம்பெனிக்காரரும் இப்படித்தான் ஆதாரத்தோட பேசினார்ப்பா" என்றாள்.

எப்போதும் வரும் அந்த விடை ஒரு மிகை எண். பன்னிரண்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதை மீதியின்றி வகுக்கும் சிறிய எண்கள் 1, 2, 3, 4, 6. கூட்டினால் பதினாறு, பன்னிரண்டைவிட அதிகம். பன்னிரண்டால் வகுபடும் 864197532-ம் அந்த வகைதான். உங்கள் சட்டைகள், சவரக்கத்தி, குடை, கதவுக்குப் பின்னால் தொங்கும் பை இவற்றையெல்லாம் பார்க்கும்போது அந்தக் கூட்டல்தான் மனதில் ஓடுகிறது. ஆளைவிட அதிகமாக இருக்கிறது.

போன வாரம் ஒரு தாளைக் கொண்டுவந்து நீட்டினாள். விடை 864197542. இலக்கங்களைக் கூட்டினேன், 46. நாற்பத்தைந்து வந்திருக்க வேண்டும். கடன் கொடுத்த இரண்டை ஒன்றாகக் குறைக்க மறந்திருக்கிறாள். மூன்றாம் வகுப்புப் பிழை. சிவப்புப் பேனாவைத் திறந்தேன். அவள் முகத்தைப் பார்த்தேன். மூடிவிட்டு, "சரிதாம்மா" என்றேன்.

அன்று மதியம் மூன்று தட்டு எடுத்து வைத்தாள். இரண்டை அறைக்குள் கொண்டுபோய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அதிலிருந்து தினமும் அப்படித்தான். உங்கள் தட்டு காலியாக வெளியே வருகிறது. அவளுடையது வைத்தது வைத்தபடி. கன்னமெல்லாம் ஒட்டிவிட்டது, மாப்பிள்ளை. கேட்டால், "எனக்குப் பசிக்கலப்பா, அவருக்குத்தான் பசி" என்கிறாள்.

பகலெல்லாம் உள்ளே கணக்கு நடக்கிறது. "அடுத்தது சொல்லுங்க" என்பாள். ஒன்பது இலக்கம் சொல்லி முடிக்கும் அளவுக்கு மௌனம். பிறகு பென்சில் ஓடும். இன்று காலை, "மெதுவா சொல்லுங்களேன், ஏழா, ஒண்ணா?" என்று கேட்டாள். நான் வெளியே நின்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். எனக்குப் பதில் கேட்கவில்லை. அவளுக்குக் கேட்டிருக்க வேண்டும், ரப்பரால் எதையோ அழித்துவிட்டு எழுதும் சத்தம் வந்தது.

இதுவரை உங்களுக்கு எழுதிய கடிதமெல்லாம் கம்பெனி முகவரிக்குத்தான் போனது. இதைத் தபாலில் போடப்போவதில்லை. அவள் அறைக் கதவுக்கு அடியில் தள்ளப்போகிறேன். நீங்கள் அங்கே இல்லையென்றால் அவளே படிக்கட்டும். அப்பா திருத்தாமல் விட்ட பிழையைத் தெரிந்துகொண்டு என்னைத் திட்டவாவது வெளியே வரட்டும். இருக்கிறீர்களென்றால், அவளை ஒரு வாய் சாப்பிடச் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் கேட்பாள்.

எங்கே இருந்தாலும் நன்றாக இருங்கள். அவளை மட்டும் எனக்கு விட்டுவையுங்கள். படித்து முடித்ததும், உள்ளிருந்து கதவை ஒரு முறை தட்டிப் பாருங்கள்.

மாமா