மாப்பிள்ளை தின்ற சாவி

மார்ச் 3, திங்கள்

காலையில் இரண்டு பூனைகள், ஒரு கிளி. கிளி என் விரலைக் கடித்தது. அது விளையாடுகிறது என்று அதன் சொந்தக்காரர் விளக்கம் சொன்னார். ரத்தம் வந்தது எனக்கு.

மதியம், சொந்தமாகக் கால்நடை கிளினிக் வைக்கப் பார்த்திருக்கும் அறையை மறுபடி போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். சலவைக்கடையை ஒட்டினாற்போல் இருக்கிறது. உள்ளேயே தண்ணீர்க் குழாய், கழுவிவிட வசதியான தரை, நல்ல வெளிச்சம். மேசையை ஜன்னலோரம் போடலாமா சுவரோரம் போடலாமா என்று மனசுக்குள்ளேயே நகர்த்தி நகர்த்தி இடுப்பு வலித்துவிட்டது. சலவைக்கடை அம்மா மாதக் கடைசி வரை எனக்காக வைத்திருப்பாராம். அதற்குமேல் முடியாது, மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் ஒருவர் காத்திருக்கிறார்.

பெரிய டாக்டரிடம் வேலைக்குச் சேர்ந்தபோது என் தலையில் ஒரு நரை கிடையாது. நல்ல மனுஷர், குறை சொல்ல மாட்டேன். ஆனாலும் அது அவர் மேசை. எனக்கு என் மேசை வேண்டும்.

மார்ச் 5, புதன்

முன்பணத்துக்கு வழி இருக்கிறது. என் வீட்டுக்காரர் சிகரெட்டை விட்ட நாளிலிருந்து அந்தக் காசில் கொஞ்சம் கொஞ்சமாக கிரிப்டோ வாங்கிப் போட்டிருக்கிறார். புகையாகப் போகவேண்டியது எப்படியோ வளர்ந்துவிட்டது. திங்கட்கிழமை விற்றுவிடலாம் என்கிறார்.

அதற்கான வாலட் விரல் நீளத்தில் ஒரு கருவி. இரண்டு பொத்தான், நகம் அளவுக்குத் திரை. உள்ளே இருக்கும் சாவி இல்லாமல் அந்தப் பணத்தை யாராலும் தொட முடியாதாம், கடவுளாலும். கருவி கெட்டுப்போனால்? அதற்கு ஒரு காகிதம். இருபத்துநான்கு ஆங்கில வார்த்தைகள். அவற்றை வரிசையாகப் போட்டால் வேறு கருவியில் அதே சாவி வந்துவிடும். காகிதமும் போனால்? "ஏன் அபசகுனமா பேசறே?" என்றார்.

எங்கே வைத்திருக்கிறீர்கள் என்றேன். சொல்ல மாட்டாராம். பார்சல் ஆபீசில் கணக்கு எழுதுகிறவர்தான். பேச்சைக் கேட்டால் உளவுத்துறை.

மார்ச் 8, சனி

சொல்லவே வேண்டாம் என்று மாப்பிள்ளை முடிவு செய்துவிட்டான்.

மாப்பிள்ளை எங்கள் நாய். வேளாவேளைக்குச் சாப்பாடு, நல்ல மெத்தை, வேலை ஒன்றும் கிடையாது, வாசலில் யார் வந்தாலும் ஒரு முறைப்பு. வேறென்ன பெயர் வைப்பது?

நான் வீடு திரும்பியபோது மெத்தைப் பஞ்சு கூடமெங்கும். நடுவில் இவர், கையில் கருப்பாக ஒன்றை ஏந்திக்கொண்டு. திருடன் அலமாரியைக் குடைவான், உறுமுகிற நாயின் மெத்தையில் கைவிட மாட்டான், இதுதான் இவர் போட்ட திட்டம். சரி. திட்டத்தில் தப்பில்லை. ஆனால் விலை உயர்ந்த பொருள் என்று தெரியாமல் இருக்கவேண்டுமாம், அதற்காகக் கருவியை ஒரு பழைய பையில் போட்டு வைத்திருக்கிறார்.

என்ன பை தெரியுமா? மாப்பிள்ளையின் மாட்டெலும்பு பிஸ்கட் வந்த பை!

காகிதத்தை வேறு இடத்தில்தான் வைத்திருந்தாராம், இத்தனை வருடமும். திங்கட்கிழமைக்கு வசதியாக இருக்கட்டும் என்று நேற்றுத்தான் அதைக் கருவியின்மேல் சுற்றி ரப்பர் போட்டாராம். காகிதம் எங்கே என்றேன். இவர் மாப்பிள்ளையைப் பார்த்தார். மாப்பிள்ளை ஏப்பம் விட்டான்.

அதே நாள், சாயங்காலம்

சிரித்துக்கொண்டே எழுதிவிட்டேன். சிரிப்பு அங்கேயே நின்றுபோனது. உடைந்த துண்டுகளைத் தரையில் சேர்த்துப் பார்த்தால், கேபிள் சொருகும் வாயைச் சுற்றியிருந்த தகட்டைக் காணோம். அவனைத் தூக்கிக்கொண்டு கிளினிக்குக்கே ஓடினோம். எக்ஸ்ரேயில் பளிச்சென்று தெரிந்தது. வயிற்றுக்குள் தகடு, ஒரு முனை கூராக.

வாந்திக்கு ஊசி போட்டால் காகிதம் உடனே வெளியே வந்துவிடும். பென்சிலில் எழுதியது, இன்னும் அழிந்திருக்காது. கூடவே தகடும் வரும், தொண்டையைக் கிழித்துக்கொண்டு. படிக்கிற பிள்ளைக்குக்கூடத் தெரிந்த பாடம், கூரானது உள்ளே இருந்தால் வாந்தி கூடாது. தெரிந்தும் என் கை மருந்து அலமாரியைத் திறந்தது. கிழிக்காமலும் வரலாமே? எத்தனை நாய்க்கு ஒன்றும் ஆகாமல் வந்திருக்கிறது? — இப்படியெல்லாம் யோசித்தேன். நான்தான் யோசித்தேன். எனக்கே என்மேல் பயமாக இருந்தது.

இவர் வந்து அலமாரியைச் சாத்தினார்.

"காகிதம் போனா போகட்டும். இவனுக்கு ஏதாவது ஆச்சுன்னா, நாளைக்கு எந்த மேசை கிடைச்சாலும் உன்னால அதுக்கு முன்னாடி நிக்க முடியாது."

வேகவைத்த பூசணியும் உருளைக்கிழங்கும் வயிறு நிறையக் கொடுத்தோம். தகட்டைச் சுற்றிப் பொதிந்து அதுவே வழியோடு வெளியே கொண்டுபோக வேண்டும். போகாவிட்டால் வயிற்றைத் திறக்கவேண்டியதுதான்.

மார்ச் 9, ஞாயிறு

எதுவும் இல்லை. இவர் குட்டி போட்ட பூனை மாதிரி வீட்டைச் சுற்றிச் சுற்றி வருகிறார். தொழில்முறையில் சொல்கிறேன், குட்டி போட்ட பூனை இவ்வளவு நடக்காது.

மார்ச் 10, திங்கள்

இன்று விற்பதாக இருந்த நாள். தோட்டத்தில் கையுறை மாட்டிக்கொண்டு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு மாப்பிள்ளையின் பின்னாலேயே திரிந்தோம்.

தகடு வந்துவிட்டது! ரத்தம் துளியும் இல்லை. நான் அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதேன். அவன் இன்னும் பூசணி கிடைக்குமா என்று பார்த்தான்.

காகிதமும் வந்தது, கூழாக. அலசி, காயவைத்து, பூதக்கண்ணாடியில் பார்த்ததில் ஒரே ஒரு வார்த்தை மிஞ்சியிருக்கிறது. அதை எங்கேயும் எழுதக்கூடாது என்று இவர் கட்டளை. அர்த்தத்தை மட்டும் எழுதுகிறேன்: மகிழ்ச்சி. பாக்கி இருபத்துமூன்றும் ஜீரணம்.

மார்ச் 11, செவ்வாய்

கருவியையும் எக்ஸ்ரே எடுத்தேன். உள்ளே இருக்கும் சில்லு உடைந்திருந்தால் இன்றோடு மறந்துவிடலாம், எதற்கு மனக்கோட்டை. மேசையில் வைத்துக் கோணம் பார்த்துக்கொண்டிருக்கையில் பெரிய டாக்டர் உள்ளே வந்தார். நின்று பார்த்தார்.

"பேஷண்டு ஆணா பெண்ணாம்மா?"

எல்லாவற்றையும் சொன்னேன், அறை பார்த்து வைத்திருப்பது உட்பட. அவர் கோபித்துக்கொள்வார் என்று மாதக்கணக்கில் மறைத்து வைத்திருந்தேன். சலவைக்கடைப் பக்கத்து அறையா, மழைக்கு ஒழுகுமே, கூரையைப் பார்த்தாயா என்று மட்டும் கேட்டார். பார்க்கவில்லை. அப்புறம் படத்தை விளக்குக்கு முன்னால் பிடித்து, சர்க்யூட் பலகையில் விரிசல், சில்லு முழுசாக இருக்கிறது என்று எலும்பு முறிவு சொல்லுகிற அதே குரலில் சொன்னார்.

மார்ச் 13, வியாழன்

படத்தை எடுத்துக்கொண்டு செல்போன் பழுது பார்க்கும் பெண்ணிடம் போனோம். எக்ஸ்ரேயோடு வந்த முதல் வாடிக்கையாளர் நாங்கள்தானாம். திரை போய்விட்டது, கேபிள் வாய் போய்விட்டது, இதே மாதிரி இன்னொரு கருவி கொண்டுவந்தால் அதிலிருந்து எடுத்துப் பொருத்திப் பார்க்கலாம் என்றாள். உறுதியெல்லாம் கொடுக்கவில்லை. உயிர் வந்தாலும் அது ரகசிய எண் கேட்குமே, நினைவிருக்கிறதா என்றாள்.

"அது மறக்காது," என்றார் இவர். ஏனோ என்னைப் பார்க்கவில்லை.

மார்ச் 17, திங்கள்

ஆர்டர் செய்த கருவி இன்னும் வரவில்லை. சலவைக்கடை அம்மா விசாரித்தார். நாய் சாவியைத் தின்றுவிட்டது என்றேன். பூட்டுக்காரரைக் கூப்பிட வேண்டியதுதானே என்றார். நியாயமான பேச்சு.

மார்ச் 20, வியாழன்

வந்தது. ஒன்றுக்கு இரண்டாக வாங்கியிருக்கிறார். ஒன்று பிரிப்பதற்கு, ஒன்று பணத்தை மாற்றி வைப்பதற்கு. நம்பிக்கைக்குக் குறைச்சல் இல்லை.

மார்ச் 22, சனி

இன்று நடந்ததை வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

முடி போன்ற கம்பிகளை வைத்து பழுது பார்க்கும் பெண் பற்றவைத்துக்கொண்டிருந்தாள். நாங்கள் இரண்டு முக்காலியில், ஆபரேஷன் அறை வாசலில் சொந்தக்காரர்கள் உட்கார்ந்திருப்பது போல. மற்ற நாளெல்லாம் நான் கதவுக்கு உள்ளே இருப்பவள். வெளியே இருப்பது இவ்வளவு கொடுமை என்று தெரியாது.

திரை ஒளிர்ந்தது. எண் கேட்டது. இவர் பொத்தானை அழுத்தினார். இடது பொத்தானை ஒரு தடவை அழுத்தினால் எண் இரண்டு தடவை ஓடுகிறது, மாப்பிள்ளையின் பல் பட்ட இடம். தவறு என்றது. இன்னும் மெதுவாக அழுத்தினார். அதுவும் தவறு. மூன்றாவதும் தவறினால் கருவி தன்னைத்தானே துடைத்துக்கொள்ளும். அப்புறம் யார் வந்தாலும் ஒன்றும் செய்ய முடியாது.

இவர் எழுந்து சுவரைப் பார்த்து நின்றுவிட்டார். அந்தப் பெண், பொத்தானே வேண்டாம், அடியில் இருக்கும் முனைகளை இடுக்கியால் தொட்டு நானே போடுகிறேன், எண்ணைச் சொல்லுங்கள் என்றாள். இவர் முடியாது என்று தலையை ஆட்டினார். எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. இப்பகூட ரகசியமா? இந்தப் பொண்ணு திருடிட்டுப் போகப் போகுதா? சத்தமாகவே கேட்டுவிட்டேன்.

சொன்னார். ஐந்து எண்கள். அவள் ஒவ்வொன்றாகத் தொட்டாள். எங்கேயோ கேட்ட எண் மாதிரி இருந்தது எனக்கு. கல்யாண நாள் இல்லை, வண்டி நம்பர் இல்லை, என் பிறந்தநாளும் இல்லை.

திறந்துகொண்டது.

அங்கேயே, அந்த மேசையிலேயே, எல்லாவற்றையும் புதுக் கருவிக்கு மாற்றிவிட்டோம். அந்தப் பெண் கம்பியை அசையாமல் பிடித்துக்கொண்டே இருந்தாள். முடிந்ததும்தான் அது என்ன எண் என்று கேட்டேன்.

"உன் டாக்டர் பதிவு நம்பர்தான். எப்பவாவது போர்டுல போடணும்ல, அதுக்காக மனப்பாடம் பண்ணி வெச்சேன்."

பழுது பார்க்கும் பெண் ரொம்ப மும்முரமாக மேசையைத் துடைத்தாள். வரும் வழியெல்லாம் நான் ஒரு வார்த்தை கிண்டல் செய்யவில்லை. இவருக்கு அதுவே கவலையாகி, உடம்புக்கு ஏதாவது செய்கிறதா என்று கேட்டார்.

மார்ச் 24, திங்கள்

விற்றாயிற்று. சலவைக்கடை அம்மாவிடம் முன்பணம் கொடுத்தாயிற்று. கூரையை அவரே சரிசெய்து தருவாராம்.

மார்ச் 29, சனி

மேசை ஜன்னலோரம்தான். பெரிய டாக்டர் வந்து பார்த்துவிட்டு, சுவரோரம் போட்டிருக்கலாம் என்றார்.

போர்டு எழுதுகிறவர் காலையிலேயே ஏணியோடு வந்துவிட்டார். பெயர் எழுதினார், படிப்பு எழுதினார், பதிவு எண் என்ன என்று கேட்டார். எனக்கு எப்போது நினைவிருந்தது? சான்றிதழ் வீட்டில். இவர் ஆபீசுக்கு போன் செய்தேன்.

பக்கத்தில் யாருக்கும் காதில் விழக்கூடாதென்று கிசுகிசுத்த குரலில், ஒவ்வோர் எண்ணாக, இரண்டு தடவை சொன்னார். பெயின்டர் அதைத் தெரு முனையிலிருந்தே தெரிகிற மாதிரி சிவப்பில் எழுதிக்கொண்டிருக்கிறார்.